நூறு என்று எழுதினேன்

என் அப்பாவின் வலது கண்ணைக் கொண்டுபோனது ஒரு ரேடியேட்டர் மூடி. ஓமலூர் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் லாரி சூடாகி நின்றிருக்கிறது. ஆறும்வரை பொறுக்காமல் மூடியைத் திருகிவிட்டார். கொதிநீர் நேராக முகத்தில் அடித்தது. சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வெந்த முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி ஆயிட்டுது. இனி தெளியாது" என்றார். அப்பா அதை நம்பவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் தினம் காலையில் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி அந்தக் கண்ணில் விட்டுக்கொண்டு, "சித்தெ வெளிச்சம் தெரியுது சாமி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒற்றைக் கண்ணனுக்கு யார் லாரி கொடுப்பார்கள்? பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓட்டிய அப்புசாமி, ஜேடர்பாளையம் சாலையில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து, அம்மா களைவெட்டிக் கொண்டுவருவதைச் சாப்பிட்டார். பங்காளி ஒருவரின் சேகோ பேக்டரியில் வாட்ச்மேன் வேலை இருந்தது. ஜவ்வரிசி மூட்டை ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. "அவன் கார் வரும்போது எந்திரிச்சு நின்னு கேட்டைத் தொறக்கறதுக்கு, இந்த இன்னொரு கண்ணும் போயிட்டாச் சரிதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதுதான் கோழி வந்தது. எண்பத்து நான்காம் வருஷம். நாமக்கல்லைச் சுற்றிப் பார்த்த பக்கமெல்லாம் பண்ணை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிக் காலத்துப் பழக்கத்தில் சின்னுசாமி என்பவர் அப்பாவுக்கு முந்நூறு முட்டை கொடுக்கச் சம்மதித்தார். குஞ்சு பொரித்துக் கொடுக்க வேண்டும். நன்றாகப் பொரித்தால் வாராவாரம் முட்டை அனுப்புவார். பொரிக்காவிட்டால் அதோடு சரி. "அப்பறம் என்னையக் கேக்கப்படாதுங்க அப்புசாமி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பா இரண்டு மாதம் உட்கார்ந்து தானே பெட்டி செய்தார். பலகைக்குள் பலகை வைத்து நடுவில் உமி நிரப்பினார். கீழே இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு, மேலே தகரத் தட்டில் தண்ணீர், அதற்கும் மேலே முட்டைத் தட்டு. பழைய பண்ணை ஒன்றிலிருந்து வாங்கிய தர்மாமீட்டரை உள்ளே கட்டினார். அதில் நூறுக்குச் சற்றுக் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பாதரசம் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், இருபத்தோரு நாள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

அந்த மெல்லிய கோடு அப்பாவின் இடது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நான் இருந்தேன். தெய்வநாயகி, பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. காலையில், பள்ளி விட்டு வந்ததும், படுக்கப் போகுமுன் என்று மூன்று வேளையும் படித்துச் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல அப்பா திரியை ஒரு மயிரளவு ஏற்றுவார், இறக்குவார். அவருக்கென்று ஒரு சோதனையும் இருந்தது. ஒரு முட்டையை எடுத்து, போன கண்ணின் இமைமேல் வைத்துப் பார்ப்பார். இமைமேல் வைத்தால் சூடு தெரியும் என்று அடைக்கோழி வைத்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் நல்ல கண்ணில் வைப்பார்கள். அப்பா மட்டும், "வேற எதுக்கும் ஆகல, இதுக்காவது ஆகட்டும்" என்று சிரித்துக்கொண்டே வெந்துபோன இமையில் வைப்பார்.

ஏழாம் நாள் அட்டையில் ஓட்டை போட்டு, டார்ச் அடித்து முட்டைகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது. நடுவில் ஒரு பொட்டு துடித்தது. முந்நூறில் நாற்பது மட்டும் கூமுட்டை. அவற்றை எடுத்துப் போட்டுவிட்டோம். "இருநூத்தி அறுவதுங்கப்பா" என்றேன். அப்பா என் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. கண் போன பிறகு அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு முதல்முறையாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தட்டை வெளியே இழுத்தபோது வலப்பக்கம் இருந்தது அப்பாவுக்குத் தெரியவில்லை. தட்டின் மூலை இடித்துத் தர்மாமீட்டர் உடைந்தது. பாதரசம் தரையில் குண்டுகுண்டாக உருண்டது. அப்பா அதைக் கையால் பிடிக்கப் பார்த்தார். பிடிபடுமா அது?

"சேலத்துக்குப் போய் வாங்கியாறேன். பொழுது உழுகறதுக்குள்ள வந்துருவேன்" என்று சட்டையை மாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடைங்கப்பா தொறந்திருக்கும்? எங்க பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க. நான் டீச்சரைக் கேட்டு வாங்கியாறேன்" என்றேன்.

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

எங்கள் உயிரியல் டீச்சர் வசந்தாமணி, பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, ஆய்வகத்தைத் திறந்து, வகுப்புக்கு எடுக்கும் தர்மாமீட்டரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "பிராக்டிகல் பரீட்சைக்குப் புதுசு தனியா வெச்சிருக்கேன். இது உங்கிட்டயே இருக்கட்டும். கோழிக்குஞ்சு ஒண்ணு எனக்கு" என்றார். நல்ல மனுஷி. அவரைக் குறை சொல்ல இன்றுவரை எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தத் தர்மாமீட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பு, பொங்கல் லீவு முடிந்ததும் அதை வைத்துத்தான் சோதனை செய்தோம். உமிழ்நீரில் உள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். எந்தச் சூட்டில் வேகமாக ஆக்கும், எந்தச் சூட்டில் ஆக்காது என்று பார்க்க வேண்டும். மாவுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்! சேகோ பேக்டரிக் கிழங்கு மாவைக் கரைத்து வைத்தார்கள். உமிழ்நீருக்குத்தான் கஷ்டம். முப்பது பெண்பிள்ளைகளும், நீ துப்பு நான் துப்பு என்று வாயைப் பொத்திச் சிரித்தோம். கடைசியில் டீச்சர் புளியங்காயை எடுத்துக் காட்டியதும் எல்லாருக்கும் வாயில் ஊறியது. ஐஸ், பள்ளி வாசல் குச்சி ஐஸ்காரரிடம் வாங்கியது. பாதி எங்கள் வாய்க்குள் போனது, மீதி பீக்கருக்குள்.

ஐஸில் ஒன்று, முப்பத்தேழில் ஒன்று, கொதிநீரில் ஒன்று என்று சோதனைக் குழாய்களை நிறுத்தினோம். தர்மாமீட்டர் பிடித்துப் படிப்பது என் வேலை. ஐஸில் பாதரசம் பூச்சியத்தையும் தாண்டி நாலு கோடு கீழே போய் நின்றது.

"டீச்சர், ஜீரோவுக்குக் கீழ நிக்குதுங்க."

"ஐஸ்காரன் உப்புப் போட்டிருப்பான். ஜீரோன்னு எழுது."

கொதிநீரில் தொண்ணூற்றைந்தில் நின்றது. அதற்குமேல் ஏறவே மாட்டேன் என்றது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, இது மட்டும் தொண்ணூற்றைந்திலேயே நிற்கிறது.

"நல்லாக் கொதிக்கல போலிருக்கு. நூறுன்னு போடு" என்றார் டீச்சர்.

போட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் சொல்வதற்கு முன்பே போட்டிருந்தேன். முந்தின வருஷத்து அக்காவின் ரெக்கார்டு நோட்டு என் மடியில் இருந்தது. அவளுக்கு முந்தின அக்காவைப் பார்த்து அவள் எழுதியது. பூச்சியம், முப்பத்தேழு, நூறு. வரைபடம் உட்பட முதல் நாளே வீட்டில் எழுதி முடித்து, பென்சிலால் அழகாகக் கோடு போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் பள்ளியில் ரெக்கார்டு எழுதுவது என்றால் அதுதான். சோதனை செய்வது ஒரு சடங்கு, விடை முன்னாலேயே தெரியும். கண்ணாடிக் குழலின் உச்சியில், நூற்றுப் பத்துக்கும் மேலே, கடுகளவு பாதரசம் தனியாக ஒட்டிக்கொண்டு மின்னியது. அதையும் பார்த்தேன். அதன் அமைப்பே அப்படிப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தர்மாமீட்டரைத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டிக்குள் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் சென்டிகிரேடு, பழையதில் பாரன்ஹீட். முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து, முப்பத்தேழரையில் நிற்க வேண்டும் என்று சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். அப்பா அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கில் தப்பில்லை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

அரைமணி கழித்துப் பார்த்தால் முப்பத்து மூன்றரை.

"சூடு கொறஞ்சிருச்சுங்கப்பா, திரியைத் தூக்கோணும்" என்றேன்.

"எப்பிடிக் கொறையும்? எட்டு நாளா இதே அளவுலதான திரி நின்னுச்சு."

"பெட்டியத் தொறந்து வெச்சதுல ஆறியிருக்குமுங்க."

அவர் தயங்கினார். நானே குனிந்து இரண்டு திரியையும் தூக்கிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் பாதரசம் முப்பத்தேழரைக்கு வந்து அடக்கமாக நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா முட்டையை இமையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"சித்தெ ஒறைக்கற மாதிரி இருக்குது சாமி. சூடு சாஸ்தியோ?"

"முப்பத்தேழரைதானுங்கப்பா காட்டுது. அரைக் கோடு கூட ஏறல."

"இல்ல, இமையில வெச்சா..."

"வெந்துபோன இமைக்கு என்னங்கப்பா தெரியும்?"

கேலியாகத்தான் சொன்னேன். எனக்கும் அவருக்கும் நடுவில் அப்படிக் கேலி உண்டு. அப்பாவும் சிரித்தார். "அதும் சரிதான். படிச்ச புள்ளெ சொன்னாக் கேட்டுக்க வேண்டியதுதான்" என்று முட்டையைத் தட்டில் வைத்துவிட்டார். அடுத்த நாளும் இமையில் வைத்துப் பார்த்தார், ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளிலிருந்து வைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

எட்டு நாள் அப்படியே போயிற்று. நாளுக்கு மூன்று முறை அப்பா இருநூற்றறுபது முட்டைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். விரல்களால் தடவித் தடவி, ஒன்றோடொன்று முட்டாமல் வைப்பார். லாரி ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன கைக்கு இவ்வளவு பதம் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்பாள். அம்மா சென்னியம்மாள் லேசில் யாரையும் மெச்சுகிறவள் அல்ல. அவளே வாசலில் ஒரு மூலையைப் பெருக்கி, குஞ்சு வந்தால் விடுவதற்குக் கூடையும் அடியில் பரப்ப நிலக்கடலைத் தோலும் கொண்டுவந்து வைத்தாள்.

பதினேழாம் நாள் எனக்குப் பிராக்டிகல் பரீட்சை. வெளியூரிலிருந்து பரீட்சை எடுக்க ஒருவர் வந்திருந்தார். சீட்டுக் குலுக்கி எடுத்தபோது எனக்கு வந்தது அதே உமிழ்நீர்ச் சோதனை. அதிர்ஷ்டசாலி என்று பக்கத்துப் பிள்ளை கிசுகிசுத்தாள். புதுத் தர்மாமீட்டரைக் கொடுத்தார்கள். ஐஸில் விட்டேன். பூச்சியத்தில் நின்றது. அதே குச்சி ஐஸ்காரரின் ஐஸ்தான். உப்பு எங்கே போயிற்று என்று ஒரு கணம் யோசித்தேன். கொதிநீரில் விட்டேன். மளமளவென்று ஏறித் தொண்ணூற்றொன்பதில் நின்றது.

ஐஸில் நாலு. கொதிநீரில் நாலு.

உப்பும் இல்லை, அடுப்பும் காரணமில்லை. அந்தத் தர்மாமீட்டர் எங்கே வைத்தாலும் நாலு குறைத்துச் சொல்கிறது. உச்சியில் ஒட்டியிருந்த கடுகளவு பாதரசம் கீழே சேர்ந்திருந்தால் அந்த நாலு கோடும் சரியாகியிருக்கும். அப்படியானால் வீட்டில் முப்பத்தேழரை என்று நான் படித்தது நாற்பத்தொன்றரை. எட்டு நாளாக நாற்பத்தொன்றரை. வாயில் ஊறும் நொதிக்கு அது ஒன்றுமில்லை, இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். முட்டைக்குள் இருக்கும் உயிர் அதைத் தாங்காது. பீக்கர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், விரல் சுட்டது, அதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

பரீட்சைக்காரர் என் மேஜைக்கு வந்தார்.

"ஐஸ்ல வெச்ச நொதியை எடுத்து முப்பத்தேழுல வெச்சா என்ன ஆகும்?"

"வேலை செய்யும் சார்."

"கொதிக்க வெச்சதை எடுத்து முப்பத்தேழுல வெச்சா?"

"செய்யாது சார்."

"ஏன்?"

"அது புரதம் சார். சூட்டுல அதோட அமைப்பு மாறிரும். முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி. அப்புறம் ஆற வெச்சாலும் பழையபடி ஆகாது சார்."

"கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தா?"

"எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஆகாது சார்."

"வெரி குட்" என்று அவர் குறித்துக்கொண்டார். வசந்தாமணி டீச்சர் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன். அப்பா சாயங்காலத் திருப்பலில் இருந்தார். நேராகப் போய் இரண்டு திரியையும் இறக்கினேன்.

"என்ன சாமி?"

"தர்மாமீட்டர் பழுதுங்கப்பா. நாலு கொறைச்சுக் காட்டுதுங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் கையில் ஒரு முட்டை இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப இத்தன நாளும் சூடு சாஸ்தியா?"

"ஆமாங்கப்பா."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர், "கருவி பழுதாயிருந்தா நீ என்ன பண்ணுவே? நாலுதான சாமி, நாப்பது இல்லியே. இப்பத்தான் எறக்கிட்டியல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "பொழைச்சுக்குமா?"

காலையில் பரீட்சைக்காரருக்குச் சொன்ன பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

"பொழைச்சுக்குமுங்கப்பா" என்றேன்.

அவர் அம்மாவிடம் போய் விவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு முட்டையைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வேலிக்குப் பின்னால் போய் உடைத்தேன். அலகு வந்திருந்தது. முதுகில் முடி குத்துக்குத்தாக அரும்பியிருந்தது. பத்து, பதினோரு நாள் வளர்ச்சி, அதற்குமேல் இல்லை. நான் திரியைத் தூக்கிவிட்ட இரண்டொரு நாளிலேயே நின்றுபோயிருக்கிறது. குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். நாற்றம் போகவில்லை.

பதினெட்டாம் நாள் மறுபடி டார்ச் அடித்துப் பார்க்கும் நாள். அட்டையை நான் பிடித்தேன். அப்பா ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கொடுத்தார்.

"என்ன தெரியுது சாமி?"

"இருட்டா இருக்குதுங்கப்பா."

"இது?"

"இதும் இருட்டுத்தானுங்க."

நான் பொய் சொல்லவில்லை. செத்து அழுகிய முட்டையும் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் குஞ்சு முழுசாக வளர்ந்து நிறைந்த முட்டையும் இருட்டாகத்தான் இருக்கும். அது அப்பாவுக்குத் தெரியும். "பூராவும் இருட்டா? அப்பக் குஞ்சு நெறஞ்சிருச்சு! சென்னியம்மா, பூராவும் நெறஞ்சிருச்சு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான்.

இருபத்தொன்றாம் நாள் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துக் கேட்டார். ஓட்டை உடைக்குமுன் குஞ்சு உள்ளேயிருந்து கொத்தும் சத்தம் கேட்கும். "சூடு மாறுனதுல ஒருநாள் தள்ளிப் போவும்" என்றார். இருபத்திரண்டாம் நாள், "இன்னொருநாள்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் சின்னுசாமி புல்லட்டில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். ஒரு முட்டையை எடுத்து வாசல் கல்லில் தட்டினார், பார்த்தார், கையை மண்ணில் துடைத்தார்.

"வாரேனுங்க அப்புசாமி" என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமுங்க. அது ஒண்ணுதான்..."

"பாருங்க, பாருங்க. நான் வாரேன்."

புல்லட் சத்தம் ரோடு திரும்பும்வரை கேட்டது. அந்த மனிதரும் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர் இல்லை, அதுதான் என் ஆத்திரம்.

இருபத்து நான்காம் நாள் அப்பா ஒரு முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "சாமி, சத்தம் கேக்குது! இங்க வா, கேளு!" என்று கூப்பிட்டார். நானும் காதில் வைத்தேன். சத்தம் இருந்தது. கரகரவென்று உள்ளே ஏதோ நுரைக்கும் சத்தம். அழுகின முட்டையில் காற்றுக் கட்டும்போது வரும் சத்தம் அது. நான் சொல்லுமுன்பே தட்டில் இன்னொரு முட்டை பட்டென்று வெடித்தது. அந்த நாற்றத்துக்கு அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பா ஓடவில்லை. சட்டையில் தெறித்ததைத் துடைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, இரண்டு விளக்கையும் ஊதி அணைத்தார்.

தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். தட்டோடு கொட்டாமல், ஒவ்வொன்றாகத்தான் எடுத்து வைத்தார். கடைசி முட்டையைக் கையில் எடுத்ததும் பழக்கத்தில் அந்த இமைக்குக் கொண்டுபோனார். வைத்தபடியே நின்றார்.

"அன்னிக்குச் சூடு தெரிஞ்சுது சாமி" என்றார். "இந்த இமைக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. செத்த கண்ணு, இதை நம்பி என்னன்னு உட்டுட்டேன்."

நான் அழுதேன். முட்டைக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். தர்மாமீட்டர் பழுது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அது பழுது என்று என் கண்ணால் நான் முன்னமே பார்த்ததும், தொண்ணூற்றைந்தைப் பார்த்துக்கொண்டே நூறு என்று எழுதியதும் அவருக்குத் தெரியாது. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். நந்தியாவட்டைப் பூவை அவர் பறிக்காமல் விட்ட நாளிலாவது சொல்லியிருக்கலாம். முட்டையைப் புதைத்த மறுநாளிலிருந்தே அவர் அந்தப் பூவைத் தொடவில்லை. செடி நிறையப் பூத்து உதிர்ந்தது.

சித்திரையில் அவர் சேகோ பேக்டரி கேட்டில் போய் உட்கார்ந்தார். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். பங்காளியின் கார் வரும்போது எழுந்து நின்று கேட்டைத் திறக்கிறார் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அதுவரை என் முன்னால் அழாத அம்மா அன்றைக்கு அழுதாள். பெட்டியின் பலகையைப் பிரித்து ஆட்டுப்பட்டிக்குப் படல் கட்டிவிட்டோம். சுவரில் நான் எழுதிய கரிக் கணக்கு மட்டும் அழியாமல் இருந்தது.

பரீட்சை முடிவு வந்தது. பிராக்டிகலில் ஐம்பதுக்கு ஐம்பது. பள்ளியிலேயே நான் ஒருத்திதான். ரெக்கார்டு நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததாம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரதாமணி என்று ஒரு பிள்ளை வந்தாள். அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவள். வசந்தாமணி டீச்சர் அனுப்பியிருந்தார். என் ரெக்கார்டை வாங்கி, எல்லாரும் அதைப் பார்த்து எழுத வேண்டும் என்று சொன்னாராம். நான் அடுப்படியில் இருந்தேன். கை மாவாக இருந்தது. அப்பா வேலைக்குப் போகாத நாள். அவரே எழுந்து அலமாரியைத் தடவி நோட்டை எடுத்தார். பழுப்பு அட்டை போட்டு, மேலே என் பெயரை அச்சு எழுத்தில் எழுதியிருந்தேன். அதைத் தன் துண்டால் துடைத்தார்.

நான் கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்தேன். "அப்பா, அதுல..." என்று ஆரம்பித்தேன்.

"நீ இரு சாமி, நான் குடுக்கறேன்" என்றார். நோட்டை அந்தப் பிள்ளையின் இரண்டு கையிலும் வைத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"அப்பிடியே பாத்து எழுது அம்மிணி" என்றார். "எம்புள்ளெ எழுதுனது. அதுல ஒரு தப்பும் இருக்காது."

சாரதாமணி தலையை ஆட்டிவிட்டு, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். மாவு காய்ந்த கையோடு நான் நின்றுகொண்டே இருந்தேன்.